மொண்ணை வாள்

செப்டம்பர் 24, ஞாயிறு

வாள் வந்துவிட்டது. இளம்பரிதி சார் அதைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மா, "என்னா சார், பாட்டு வாத்தியாரா? வீணைங்களா?" என்று கேட்டதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாளுக்குப் பொறுப்பாளர் யாரோ அவர் குறிப்பு எழுதிவர வேண்டும் என்று இந்த டைரியையும் அவரே கொடுத்தார். வாளைப் பற்றி மட்டும் எழுதினால் போதும் என்றார். பார்ப்போம்.

சார் கல்லூரியில் வரலாறு எடுப்பவர். எங்கள் ஊர் மலையடிவாரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வேடியப்பன் கல் என்று கற்பூரம் ஏற்றுவார்கள். அதில் ஒரு வீரன் இடது கையால் தன் குடுமியைப் பிடித்துக்கொண்டு, வலது கையிலுள்ள வாளைத் தன் கழுத்திலேயே வைத்திருக்கிறான். தன் அரசன் போரில் ஜெயிக்க வேண்டும் என்று கொற்றவைக்குத் தன்னையே கொடுத்தவன். நவகண்டம் என்பார்களாம். அதை வைத்து சார் நாடகம் எழுதிவிட்டார். நவம்பரில் மேடை. கல்லில் உள்ள வாளை அளவெடுத்து, ஓசூர்ப் பட்டறையில் லாரிக்கு அடியில் இருக்கும் கமான் ஸ்பிரிங் பட்டையில் அடித்து வாங்கியிருக்கிறார். அட்டைக் கத்தி இல்லை இது. அந்தக் காலத்து எடை, அந்தக் காலத்து நீளம், இரண்டு வாள் மோதினால் உண்மையான சத்தம். எதிரிக்கு இதே மாதிரி இன்னொன்று உண்டு, அது சாரிடமே இருக்கும். விளிம்பை மட்டும் மழுக்கி, முனையை உருட்டியிருக்கிறார்கள். அடிக்கும், வெட்டாது.

நான் அரசு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். பிள்ளைகளுக்கு வாள்வீச்சு சொல்லிக்கொடுத்துப் போட்டிக்கு அழைத்துப் போகிறவள். அதனால் வாள் என் தலையில் விழுந்தது. வேண்டாம் என்றுதான் சொல்லவிருந்தேன். வீரன் வேஷம் மாதையனுக்கு என்று தெரிந்ததும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மாதையன் என் தம்பி. ஃபிளக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவன். கல்யாண வாழ்த்து, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கைவண்ணம்தான். மாசி மாதம் அம்மா வீட்டுக் கிணற்றில் படி வழுக்கி விழுந்ததிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். மகள் ஹாஸ்டலுக்குப் போனதில் ஓர் அறை சும்மாதானே கிடக்கிறது.

செப்டம்பர் 26, செவ்வாய்

முதல் ஒத்திகை. வாளைத் தொடுவதற்கு முன்னால் எல்லோரையும் தரையில் உட்கார வைத்து வகுப்பெடுத்தேன். நான் விசில் ஊதினால் வாள் எங்கே இருந்தாலும் முனை தரையைப் பார்க்க வேண்டும். வசனம் பாதியில் நின்றால் நிற்கட்டும், சோழ நாடு ஒன்றும் கவிழ்ந்துவிடாது. எதிராளியின் தோளுக்கு வெளியே இருக்கிற காற்றைத்தான் வெட்ட வேண்டும், எதிராளியை அல்ல. வாள் ஓங்கியவனும் எதிராளியும் கண்ணைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் அடி. பெட்ஷீட்டிலிருந்து எடுப்பதும் நான்தான், திருப்பிச் சுற்றுவதும் நான்தான்.

எதிரிப் படைத்தலைவனாக வரும் தீர்த்தகிரி, "டீச்சர், இதுக்கு நாங்க சண்டைக்கே போயிருக்கலாம், சீக்கிரம் முடிஞ்சிருக்கும்" என்றான். மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டேன். நாற்பது வயதுக்காரன், பேசாமல் ஓடினான்.

கூர் பார்க்க நானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். எங்கள் பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளிக்கா பஞ்சம்? நன்றாகப் பழுத்த ஒன்றின் மேல் விளிம்பை வைத்து, அழுத்தாமல், வாளின் எடையிலேயே மெல்ல இழுப்பேன். மொண்ணை என்றால் தோல் அமுங்கும், நசுங்கும். கீறாது. கீறினால் அன்று வாள் வெளியே வராது. இரும்பும் இரும்பும் மோதினால் விளிம்பில் பிசிறு எழும்பும், அது பிளேடு மாதிரி. ஒத்திகை முடிந்ததும் அரத்தால் தேய்த்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் தடவ வேண்டும்.

இன்றைய தக்காளி நசுங்கியது. ரசத்தில் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 28, வியாழன்

வாளை பீரோவில் நிறுத்தி வைத்திருக்கிறேன். கதவைச் சாத்தும்போதெல்லாம் உள்ளே சின்னதாக முனகுகிறது. இரும்புக்கு இரும்பு பட்டால் அப்படித்தான். துண்டு ஒன்றைச் சுற்றி வைத்தேன். துண்டுக்குள்ளிருந்தும் கேட்கிறது.

அக்டோபர் 2, திங்கள்

காந்தி ஜெயந்தியும் அதுவுமாக வாள் ஒத்திகை.

கழுத்துக் காட்சிக்கும் இந்த வாளே வேண்டும் என்கிறார் சார். நான் மரத்தில் செய்து வெள்ளிப் பெயின்ட் அடித்த வாளைத்தான் கொடுப்பேன் என்றேன்.

"டீச்சர், மரக்கத்தி லைட்ல ஸ்கேல் மாதிரி தெரியும். இது மொண்ணைதானே? நீங்கதானே தெனமும் தக்காளி வைச்சுப் பாக்கறீங்க?"

"மொண்ணைதான் சார். எடைன்னு ஒண்ணு இருக்குது. கை தளர்ந்தா இறங்கற எடத்துல எலும்பு உடையும். கழுத்துப் பக்கம் இரும்பு போகாது. போகணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க."

எல்லோரும் எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாதையன் மட்டும் வாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரொம்ப மெதுவாக, "இரும்பே இருந்தா நல்லாருக்கும்க்கா" என்றான்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, வாயை மூடு" என்று கத்திவிட்டேன். அத்தனை பேர் முன்னால் கத்தியிருக்க வேண்டாம். மரவாள் என்று முடிவானது.

அக்டோபர் 8, ஞாயிறு

குழுவோடு நடுகல்லைப் பார்க்கப் போனோம். போகிற வழியெல்லாம் ஆவாரம்பூ. மாதையன் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். கல் இருக்கும் இடத்துக்கு வழி கேட்காமலே போனான். எத்தனை தடவை வந்திருக்கிறாய் என்று கேட்டேன். "அப்பப்போ" என்றான்.

கல்லுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். "அக்கா, அந்தாளு மூஞ்சியப் பாத்தியா? சிரிச்சாப்புல இருக்குதில்ல?"

கிட்டப் போய்ப் பார்த்தேன். எண்ணெயும் மஞ்சளும் அப்பி, மழையில் தேய்ந்து, அந்தக் கல்லில் முகம் என்று ஒன்றே இல்லை. வெறும் மொழுக்கு. வாளும் குடுமியும் கையும் அப்படியே இருக்கின்றன. முகம் மட்டும் போய்விட்டது.

"ஆமாம்டா" என்றேன். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன். வெயில்தான் காரணம், மோர் குடித்தேன்.

அக்டோபர் 13, வெள்ளி

வீட்டு வேலை நிறைய. குளியலறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்துப்போயிருந்ததால் கழற்றிவிட்டேன். பரணில் கிடந்த எலி மருந்தைத் தூக்கிப் போட்டேன். வீட்டில் எலியே இல்லை, எதற்கு அது?

"நேத்துகூட அடுப்பு மேடையில ஓடுச்சே?" என்றார் அவர். என் வீட்டுக்காரர் சென்றாயன், மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தின் உச்சியில் நின்று கம்பியைக் கட்டுவார், வீட்டில் டார்ச்சுக்குப் பேட்டரி போட என்னைக் கூப்பிடுவார்.

"ஓடினா ஓடட்டும், அதுவும் ஒரு ஜீவன்தானே" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஒத்திகையில் வாளின் கைப்பிடி ஆணியைச் சோதித்தேன். இறுக்கமாக இருக்கிறது. தக்காளி நசுங்கியது.

அக்டோபர் 17, செவ்வாய்

மாதையன் நன்றாக நடிக்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எடையை இடுப்பில் வாங்குகிறான். தீர்த்தகிரியோடு மோதும்போது வாள் அவன் சொன்ன இடத்தில் நிற்கிறது. ஒருமுறை நான் விசில் ஊதினேன், மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் தடுமாற, அவன் வாள் மட்டும் உடனே தரையைப் பார்த்தது. பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினேன். இரண்டு வாய் சாப்பிட்டான்.

அக்டோபர் 21, சனி

பிள்ளைகளோடு தர்மபுரியில் போட்டி. நாள் முழுக்க வெயில், தொண்டை கட்டிவிட்டது. வாள் வேலை இல்லை.

அக்டோபர் 23, திங்கள், ஆயுத பூஜை

வீடு துடைத்து, நிலைக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, பொரி கடலை வாங்கி, இடுப்பு விட்டுப்போனது. அவருடைய கட்டிங் பிளேயர், ஸ்பானர், கையுறை, என் விசில், ஸ்டாப் வாட்ச், அரிவாள்மனை, கொடுவாள், மாதையனின் கம்ப்யூட்டர் மவுஸ் எல்லாம் பலகையில் ஏறின. நடுவில் வாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவரே அதை எடுத்துவைத்து, பிடியிலிருந்து முனைவரைக்கும் சந்தனம் அப்பி, வரிசையாகக் குங்குமம் வைத்திருந்தார். "ராஜா வூட்டு பூசை மாதிரி இருக்குதில்ல?" என்று ஒரே குஷி.

பலகையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். எனவே வாள் அங்கேயே இருக்கிறது. சாயங்காலம் அவருடைய ஆபீசில் பூசணிக்காய் உடைக்கப் போய்விட்டு வந்தோம். மாதையனைக் கூப்பிட்டேன், தலைவலி என்று வரவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். தலைவலி எப்படி என்றேன். பரவாயில்லை என்றான்.

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. மறுபூஜை முடிந்து வாளை எடுத்தேன். சந்தனம் காய்ந்து அடை அடையாக ஒட்டியிருந்தது. நாளைக்குத் துடைக்கலாம் என்று அப்படியே துண்டில் சுற்றிவிட்டேன்.

அக்டோபர் 25, புதன்

தக்காளி இரண்டாகப் பிளந்துவிட்டது.

நான் இழுக்கவே இல்லை. வைத்தேன். வாள் தானாக இறங்கி, தக்காளியைத் தாண்டி, பலகையில் போய் நின்றது. இன்னொன்றை எடுத்து வைத்தேன். அதுவும் அப்படியே. சந்தனத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் விளிம்பு நெடுக வெள்ளிக் கோடு. யாரோ கூர் தீட்டியிருக்கிறார்கள்.

கைப்பிடி ஆணி லூசு, இன்றைக்கு ஒத்திகை கிடையாது என்று சாருக்குப் போன் போட்டேன். மாதையனிடமும் அதையே சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று என் இடுப்பில். மற்றது அவர் சட்டைப் பையில். அவர் குளிக்கப் போனால், தூங்கினால், சட்டை ஆணியில்தான் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வீட்டில் இருப்பது மூன்று பேர். நான் தீட்டவில்லை. கத்தி தீட்டுகிற ஆளா அவர்?



அக்டோபர் 26, வியாழன்

அவரிடம் கேட்கலாம். கேட்டால், எதற்குக் கேட்கிறாய் என்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வாளைப் பள்ளிக்கூடத்து விளையாட்டுச் சாமான் அறையில் பூட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 27, வெள்ளி

மெடிக்கல் லீவு போட்டேன். மாதையன் கடைக்குப் போனான், நானும் போனேன். மொட்டை மாடிக்குப் போனான், துணி எடுக்கிற சாக்கில் நானும் போனேன். அங்கே துணியே இல்லை.

"ஏன்க்கா எம்பின்னாலயே வர்ற?"

"முட்டி வலிக்குதுடா. டாக்டர் நடக்கச் சொன்னாரு."

"மாடிப்படி ஏறச் சொன்னாரா?"

அவனையே திட்டினேன். முடி வெட்டவில்லை, சட்டை கசங்கியிருக்கிறது, இருபது வயசுப் பையன் மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று வாய்க்கு வந்ததெல்லாம். நின்று கேட்டுக்கொண்டான். முன்னெல்லாம் திருப்பிக் கொடுப்பான்.

அம்மா போன் செய்தாள். கிணற்றுக்குக் கம்பி வலை போட ஆள் வந்திருக்கிறதாம். படி ரொம்ப வழுக்குகிறது, நல்ல காரியம்தான் என்றேன். அம்மா அந்த ஆளிடம் ஏதோ அளவு சொன்னாள். பிறகு, "ஆமா, வழுக்குது" என்றாள்.

அக்டோபர் 29, ஞாயிறு

என் வீட்டுக்காரரை இன்று கொன்றிருப்பேன்.

காலையில் அரிவாள்மனையில் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். மாதையன் முடி வெட்டப் போயிருந்தான். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "சாணைக்காரன் சூப்பராப் புடிச்சிருக்கான்ல? வெண்ணெய் மாதிரி எறங்குது பாரு" என்றார்.

"எந்தச் சாணைக்காரன்?"

"சைக்கிள்ல வருவானே. நீ தர்மபுரி போயிருந்தப்ப வந்தான். ஆயுத பூசை வருதேன்னு எல்லாத்தையும் குடுத்துட்டேன். அருவாமனை, கொடுவா, உன்னோட அந்த வாளு..."

பூசணிக்காய் கையிலிருந்து உருண்டது.

"வாளையா குடுத்தீங்க?"

"ஆமா. அது பாட்டுக்கு மொண்ணையாக் கெடந்துச்சு. சாமி முன்னாடி மொண்ணைக் கத்தியையா வெப்பாங்க? சாமி என்னா நெனைக்கும்? அவனே சொன்னான், இது நல்ல இரும்புங்க, புடிச்சா நல்லா ஏறும்னு. பாதி நாள் உக்காந்து புடிச்சான் பாவம்."

"அய்யோ, அறிவிருக்கா உங்களுக்கு? அது மொண்ணையா இருக்கறதுக்குத்தானே நான் ஒரு மாசமா அரத்தை வெச்சுத் தேய்ச்சுக்கிட்டுக் கெடக்கறேன்! தெனமும் ஒரு தக்காளி நசுங்கினது எதுக்குன்னு நெனைச்சீங்க, ரசத்துக்கா?"

"ரசத்துக்குன்னுதான் நெனைச்சேன்" என்றார். அவர் மூஞ்சியைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரி இல்லை.

சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தேன், நடுவில் எப்போதோ அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏய் பவளா, தெரியாம செஞ்சுட்டேன், இதுக்குப் போய் ஏன்..."

"நான் மாதையன்னு நெனைச்சேங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "கம்பத்து மேல நிக்கும்போது போன் அடிச்சா கம்பியக்கூட அப்படியே விட்டுட்டு எடுக்கறேன்" என்றார். "வூட்டுலேர்ந்துதானோன்னு." இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்து, ஒருவருக்கொருவர் தெரியாமல் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

அக்டோபர் 31, செவ்வாய்

வாளை லேத் பட்டறைக்கு எடுத்துப்போய் விளிம்பைத் தேய்த்து உருட்டி வாங்கினேன். முடிகிறவரைக்கும் பக்கத்தில் நின்றேன். தக்காளி நசுங்கியது. மூன்று தடவை நசுக்கிப் பார்த்தேன். பட்டறைக்காரர், "மேடம், சட்னி அரைக்கறீங்களா?" என்றார்.

சாரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "கூராவே இருந்திருந்தா அந்த மினுமினுப்பு..." என்று இழுத்தார். நான் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார். மாதையனிடம் ஆணி சரியாகிவிட்டது என்றேன்.

நிம்மதியாக இருக்கிறது. சாணைக்காரன், அவ்வளவுதான். வேறு ஒன்றுமில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

நாடகம் முடிந்தது. கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தைத் தாண்டி ரோட்டில் நின்றது. சண்டைக் காட்சியில் வாளும் வாளும் மோதிய சத்தத்துக்கு முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

கழுத்துக் காட்சிக்கு முன்னால் இரும்பு வாளை வாங்கிப் பெட்ஷீட்டில் சுற்றி என் காலடியில் வைத்தேன். மரவாளைக் கொடுத்தேன். மாதையன் மேடை நடுவில் மண்டியிட்டான். குடுமியைப் பிடித்தான். வாளைக் கழுத்தருகே கொண்டுபோனான். அங்கே ஒரு மூச்சு அளவுக்கு நிறுத்தி, பிறகு இழுக்க வேண்டும், விளக்கு அணையும். ஒத்திகையில் அப்படித்தான் செய்தோம்.

அவன் நிறுத்தினான். நிறுத்தியபடியே இருந்தான். மைதானத்தில் ஓர் இருமல்கூட இல்லை. மரம்தான், பெயின்ட் அடித்த வெறும் மரம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விசில் வாயில் இருந்தது. ஊதினால் நாடகம் கெடும். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்தேன். கல்லில் இல்லாத முகம் அது. சிரிப்பெல்லாம் இல்லை. அலுத்துப்போன முகம்.

பிறகு இழுத்தான். விளக்கு அணைந்தது. கைதட்டல் ஓயவே இல்லை.

வகுப்பறையில் வேஷம் கலைத்தோம். மற்றவர்கள் எல்லாம் செல்ஃபி எடுக்கப் போய்விட்டார்கள். நான் தேங்காய் எண்ணெய் தொட்டு அவன் நெற்றிச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஆணி லூசுன்னு சொன்னியே. பொய்தானே?"

"யாரு சொன்னா? சாரா?"

"யாரும் சொல்லல. வாளு கூரா இருந்துச்சு. எனக்கு ஆயுத பூசை அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானேடா! யாருக்காவது பட்டிருந்தா?"

"நீ தக்காளி வெக்காம யாருகிட்டயும் குடுக்க மாட்டேன்னு தெரியும்." எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தான். "சொன்னா, எப்படித் தெரியும்னு கேப்பே."

பஞ்சு என் கையிலேயே நின்றுவிட்டது. நாங்கள் பூசணிக்காய் உடைக்கப் போயிருந்தோம். வீட்டில் அவன் மட்டும்.

"எடுத்தியா?"

"ம்."

"எடுத்து?"

"பாத்தேன். அப்புறம் வெச்சுட்டேன். சந்தனம் உதுந்துபோச்சு. கரைச்சுத் திருப்பிப் பூசி வெச்சேன்."

"ஏன் வெச்சே?" என்று கேட்டேன். என்ன கேள்வி அது. ஆனால் அதுதான் வாயில் வந்தது.

"தெரியலக்கா" என்றான். "வெச்சுட்டேன்."

நவம்பர் 6, திங்கள்

மாதையன் கிணற்றில் வழுக்கி விழவில்லை. அவனாகத்தான் குதித்தான். பம்ப்செட் போட வந்த ஆள் பார்த்துக் கயிறு போட்டதால் பிழைத்தான். எழுதிவிட்டேன்.

காலையில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து அதையே கேட்டேன். "வழுக்கி விழல, இல்ல?"

"இல்லக்கா." உடனே சொன்னான். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி சொன்னான். "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் உங்கிட்டதான் சொல்ல வந்தேன். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீ நர்ஸம்மாகிட்ட, பாசி புடிச்ச படி சிஸ்டர், எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன், கேக்கறதே இல்லைன்னு சொல்லிட்டிருந்தே. சரின்னு விட்டுட்டேன்."

எனக்கு அது நினைவே இல்லை. சொல்லியிருப்பேன்.

"இப்பவும் தோணுதாடா?"

"தெனமும் இல்ல. சில நாளு. வந்தா போக மாட்டேங்குது. ஏன்னு கேக்காதக்கா, எனக்கே தெரியல. எல்லாம் நல்லாத்தான் இருக்குது."

ஏன் என்றுதான் கேட்க வந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நகத்தில் ஒட்டியிருந்த நாடகச் சாயத்தைச் சுரண்டினான். பிறகு, சின்ன வயதில் ஐஸுக்குக் கேட்பானே அந்தக் குரலில், "அடுத்த தடவை வந்துச்சுன்னா உங்கிட்ட சொல்லட்டுமா?" என்றான்.

"சொல்லு. நான் எங்க இருந்தாலும் சொல்லு. கிளாஸ்ல இருந்தாலும் சொல்லு."

"திட்ட மாட்டியே?"

"மாட்டேன்டா" என்றேன். அவன் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. என் வாயைப் பற்றி அவனுக்குத் தெரியாதா?

நவம்பர் 9, வியாழன்

தர்மபுரி அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்த்தோம். சின்னப் பெண், என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள். அவனோடு தனியாகப் பேசினாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது, அவர் பேசினால் கேளுங்கள் என்றாள். கேட்டுவிட்டு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்ல வேணாம்மா, பக்கத்துல இருங்க" என்றாள். என்னைப் பார்த்து இதைச் சொல்கிறாளே என்று மாதையன் சிரித்துவிட்டான்.

வாளை சார் கல்லூரிக்கு எடுத்துக்கொண்டுபோய்விட்டார். பொறுப்பு முடிந்தது. டைரியை அவர் கேட்டார், கொடுக்கவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

மகள் வந்திருக்கிறாள். வீடு நிறையச் சத்தம். அவரும் மாதையனும் சங்குசக்கரம் விட்டு என் புதுப்புடவையில் ஓட்டை போட்டார்கள். இரண்டு பேரையும் திட்டினேன்.

நவம்பர் 17, வெள்ளி

காலையில் டிபன் பாக்ஸை எடுத்து வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தேன். மாதையன் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பல்கூட விளக்கவில்லை.

"அக்கா. இன்னிக்கு வந்திருக்குது."

வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன். தலைமையாசிரியருக்குப் போன் செய்து இன்றைக்கு வர முடியாது என்றேன். "ஏன் மேடம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "எனக்கு இல்ல சார், தம்பிக்கு" என்றேன். அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

டாக்டரம்மாவுக்கும் போன் செய்தோம். மத்தியானம் அழைத்து வரச் சொன்னாள். அதுவரைக்கும் இரண்டு பேரும் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அவன் கொஞ்சம் பேசினான். நிறைய நேரம் சும்மா இருந்தான். எனக்கு வாயில் ஆயிரம் வார்த்தை வந்தது. ஒன்றையும் விடவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுக் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். மாரண்டஹள்ளிப் பஸ் என்பதால் நல்ல கூட்டம். பாலக்கோடு வந்ததும் எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே பார்த்தான்.

"பசிக்குதுக்கா" என்றான்.